பீரோவும் கண் திறக்காத ஆமையும்

பீரோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் லாரியில் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று பேர் சேர்ந்து முக்கி முனகி நகர்த்திக்கொண்டிருந்த ஓர் இரும்பு பீரோவை, "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பட்டையைக் குறுக்கே மாட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு தனியாளாய் மாடி ஏறிவிட்டான். மேலே இறக்கி வைத்தபோது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. திறந்து பார்த்தால் அரைப் பீரோவுக்குப் பாத்திரங்கள். காலி செய்ய மறந்திருந்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். இப்போது அவன் மனைவியின் போனில்கூட அவன் நம்பருக்கு நேரே 'பீரோ' என்றுதான் இருக்கிறது.

அவனுடைய கல்யாணமே ஒரு வீடு மாற்றத்தில் ஆரம்பித்ததுதான். ஆள் உயரக் கண்ணாடி பதித்த ஓர் அலங்கார மேஜையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தான். அந்த வீட்டுப் பெண் எதிரே ஏறி வந்தாள். இவன் பார்த்தான். அவளும் பார்த்தாள். மேஜை மட்டும் பார்க்கவில்லை. சுவர் முனையில் இடித்து, கண்ணாடி சலாரென்று படி முழுக்கக் கொட்டியது. அவளுடைய அப்பா மேலிருந்து போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் லாரி ஆபீசுக்குப் போன் செய்து, "நேத்து கண்ணாடி உடைச்சாரே, அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டீங்களா?" என்று அவள் விசாரித்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

அப்பா பெண்ணைக் கொடுத்தார். பேச்சைக் கொடுக்கவில்லை. கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடியும் மாப்பிள்ளையிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்து, தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் தன் மூன்றாம் மாடி வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் அதே கதைதான். பீரோ எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். அவர் சமையலறையைப் பார்த்து, "அம்மாடி, உன் வீட்டுக்காரர்கிட்ட ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்பார். பீரோ எழுந்து ஃபேனைக் குறைப்பான். "போதுமான்னு கேளு கண்ணு" என்று அவனும் சமையலறையைப் பார்த்துச் சொல்வான். நடுவில் தபால்காரி வேலை பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

அவளுக்குப் பேக்கரியில் வேலை. விடியும் முன் கிளம்பி, மதியம் மாவு வாசனையோடு திரும்புவாள். காலை நேரத்துக் கண் சொட்டு மருந்தை அப்பாவே போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அவர் போட்டுக்கொள்ளும் லட்சணத்தைப் பீரோ மட்டும்தான் அறிவான். கண்ணை இறுக மூடிக்கொண்டு நெற்றியில் ஒரு சொட்டு, கன்னத்தில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்துக்கொண்டு, குப்பியைக் கம்பீரமாக ஃப்ரிட்ஜில் வைப்பார். சொன்னால் சண்டை வரும் என்று இவன் சொல்லவில்லை. மேலும், யார் வழியாகச் சொல்வது?

இப்படி இருக்கும்போதுதான் அந்த வீட்டுக்கு ஆமை வந்தது.

அன்றைக்கு ஒரு குடும்பம் வெளியூருக்குக் குடிபோகிறது. லாரி நிரம்பி, தார்ப்பாய் கட்டிய பிறகு, கடைசியாக ஒரு தரம் சுற்றிப் பார்க்க உள்ளே போன பீரோ, நடைவழி மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கண்டான். வெளிச்சம் எட்டாத மூலை. தண்ணீர் டீத்தூள் கொட்டியதுபோல் இருந்தது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை. கன்னத்தில் சிவப்புக் கோடு. கண் இருக்க வேண்டிய இடத்தில், ஊறவைத்த கடலைபோல் உப்பிய இரண்டு வீக்கங்கள்.

"சார், இதை விட்டுட்டீங்களே."

வீட்டுக்காரர் சாவிக் கொத்தைத் தேடிக்கொண்டே சொன்னார். "அது போயிடும்ப்பா. கண்ணு அவிஞ்சுபோச்சு, சாப்பிடறதும் இல்லை. குப்பைத் தொட்டி பக்கம் வச்சிடு."

அந்த நேரம் பார்த்து ஆமை முன்னங்காலைத் தூக்கி, தூக்கத்தில் எழுந்த குழந்தைபோல, மூடிய கண்ணைத் தேய்த்தது. ஒரு தரம் இந்தக் கையால், ஒரு தரம் அந்தக் கையால். பீரோ சுற்றுமுற்றும் ஒரு டப்பாவைத் தேடினான்.

லாரியில் ஏறியவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருப்பதைப் பார்த்த டிரைவர், "என்னடா அது, மத்தியான சாப்பாடா?" என்றான். டிரைவர் அவனோடு வேலைக்குச் சேர்ந்தவன். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் இல்லாமல் வாய் திறக்க மாட்டான்.

"ஆமை. கண்ணு சரியில்ல."

"உனக்கு மூளை சரியில்ல. டாக்டர்கிட்ட முதல்ல யாரைக் காட்டப் போறே?"

வீட்டில் மனைவி டப்பாவை எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பழைய துணி ஊறவைக்கும் அகலமான தொட்டியை எடுத்து வந்து, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சமாய் ஊற்றி, நடுவில் ஒரு செங்கல்லை வைத்தாள். "ஏறி உட்கார இடம் வேணும்ல? பாவம், எவ்வளவு நாளா நீந்திக்கிட்டே இருக்கோ" என்றாள். பிறகு, "ஏங்க, இது ஒண்ணுதானா? இன்னும் லாரியில யானை கீனை இருக்கா?" என்று கேட்டாள்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "அம்மாடி, உன் வீட்டுக்காரர் என்ன கொண்டுவந்திருக்கார்?"

"ஆமைப்பா. கண்ணு தெரியலை."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு செருப்பு இழுபடும் ஓசை. கறுப்புக் கண்ணாடி போட்டபடி மாமனார் வாசலுக்கு வந்து நின்றார். ஆமையையே பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

அது எதையும் சாப்பிடவில்லை. இலை போட்டார்கள், சோறு போட்டார்கள், பேக்கரி ரொட்டி போட்டார்கள். எதன் பக்கமும் முகம் திருப்பவில்லை. தண்ணீரில் விட்டால் சுவரில் முட்டிக்கொண்டது. மறுநாள் மனைவி வேலைக்குப் போன பிறகு, பீரோ டிரைவரிடம் போனில் புலம்பினான். டிரைவர் கையோடு வைத்தியம் சொன்னான். "உன் மாமனாருக்குக் கண் மருந்து இருக்குல்ல? அதுல ரெண்டு சொட்டு விடுடா. கண்ணுன்னா எல்லாம் கண்ணுதானே!"

பீரோவுக்கு நியாயமாகப் பட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்தான். ஆமையின் மேல் குனிந்தான்.

"கையை எடு!"

பீரோ குப்பியைக் கீழே போடாதது பெரிய விஷயம். பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையலறை காலியாக இருந்தது. அப்படியென்றால் அவர் தன்னிடம்தான் பேசுகிறார் என்பது பீரோவுக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

"அது என் கண்ணுக்குன்னு எழுதிக் குடுத்த மருந்து. என்ன சீக்குன்னே தெரியாம, அதுவும் வாயில்லா ஜீவனுக்கு... டாக்டர்கிட்ட கொண்டுபோக வேண்டாமா? லாரியில சாமான் ஏத்தற மாதிரியா இது?"

"சரிங்க மாமா" என்றான் பீரோ. அவனுக்குத் திட்டு வாங்கியதே இனித்தது. மதியம் மனைவி வந்ததும் முதல் சேதியாக, "கண்ணு, உங்கப்பா என்கிட்ட பேசினார்" என்றான்.

"என்ன பேசினார்?"

"திட்டினார்."

"நேராவா?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப ஆமை ராசியானதுதான்."

அன்று மாலையே இருவரும் கிளம்பினார்கள். பிராணிகள் மருத்துவமனைக் கூடத்தில் நாய்களும் பூனைகளுமாக நெரிசல். கூடத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத உருவத்தோடு பீரோ நடு நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். ஒரு பெரிய நாய் டப்பாவை மோந்து பார்க்க வந்தது. பீரோவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் எஜமானியின் காலடிக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

டாக்டரம்மா ஆமையை ஈரத் துணிமேல் வைத்து, முதலில் தொடாமல் பார்த்தார். பிறகு மூக்கருகில் குனிந்தார். "மூக்குல நுரை வருதா? வாயைத் திறந்து மூச்சு விடுதா? ஒரு பக்கமா சாய்ஞ்சு நீந்துதா?"

"சாயலீங்க. நேராத்தான் போய் முட்டுது" என்றாள் மனைவி.

"அப்ப நுரையீரலுக்குப் பரவலைன்னு நினைக்கிறேன். நல்ல காலம்." தலையின் இரு பக்கமும் தடவி, காதில் கட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டார். "ஒரு கண்ணு மட்டும் வீங்கியிருந்தா, எங்கயாவது கீறியிருக்கும், தூசி விழுந்திருக்கும்னு சொல்லலாம். ரெண்டும் ஒரே மாதிரி வீங்கியிருக்கு. இதுக்கு முன்னாடி என்ன சாப்பாடு? எந்த மாதிரி இடம்?"

பீரோ பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார்: காய்ந்த இறால் மட்டும்தான், தண்ணீர் நாறினால் மாற்றுவார்கள், விளக்கு எதுவும் கிடையாது, அது பாட்டுக்கு நடைவழியில் இருந்தது.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "ஒரே சாப்பாட்டைப் போட்டுப் போட்டு உடம்புல விட்டமின் ஏ இல்லாமப் போச்சு. அது குறைஞ்சா முதல்ல கண்ணு இமைதான் வீங்கும். அழுக்குத் தண்ணியில கிருமி வேற சேர்ந்திருக்கு. இதுல ஒரு சங்கடம் பாருங்க. ஆமை கண்ணால பார்த்துத்தான் சாப்பிடும். கண்ணு மூடினதும் சாப்பாடு நிக்கும். சாப்பாடு நின்னா கண்ணு இன்னும் மோசமாகும். நாம நடுவுல புகுந்து இதை உடைக்கணும்."

பீரோ தயங்கித் தயங்கி மாமனாரின் மருந்துக் கதையைச் சொன்னான். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லவேளை போடலை. ஆபரேஷனுக்கு அப்புறம் குடுக்கிற சொட்டுல சிலது வீக்கத்தை அமுக்குற மருந்து. இது கண்ணுக்குள்ள புண் இருந்து அதைப் போட்டா, புண்ணு ஆறாது. தடுத்தது யாரு?"

"என் மாமனார்" என்றான் பீரோ. அதைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

விட்டமின் ஊசி ஒன்று அளந்து எடுத்தார். "இதை நீங்களா வாங்கிக் குடுக்கக் கூடாது. கொஞ்சம் கூடினாலும் தோல் உரிஞ்சு வரும்" என்று சொல்லி, ஆமையின் முன்னங்கால் சதையில் குத்தினார். ஆமை அசையவில்லை. பீரோ அசைந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் மனைவிதான், "அவருக்குத் தண்ணி கிடைக்குமாங்க?" என்று கேட்டாள்.

வீட்டில் செய்ய வேண்டியதை டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். உப்பு நீர் மருந்தால் கண்ணை நனைத்துத் துடைக்க வேண்டும், பிறகு சொட்டு, சொட்டு விட்டதும் தண்ணீரில் இறக்காமல் கொஞ்ச நேரம் உலர்வாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கரைந்து போய்விடும். தண்ணீர் குடிக்கிற தண்ணீர்போல் சுத்தமாய் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து காயச் சூடான இடம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் பத்தாது, அதற்கென்றே விற்கும் வெயில் விளக்கு மாட்ட வேண்டும். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டிப் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

"சரியானதும் ஏரியில விட்டுடலாமாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கூடவே கூடாதும்மா. இது இந்தத் தண்ணியில பிறந்த ஜாதி இல்லை. அங்க இருக்கிற ஆமைங்களோட சாப்பாட்டையெல்லாம் இது பிடுங்கிக்கும். வளர்க்கிறதுன்னா கடைசி வரைக்கும் வளர்க்கணும். ரொம்ப வருஷம் இருக்கும், யோசிச்சுக்குங்க."

யோசிப்பதற்கு எதுவும் இருப்பதாக இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். பீரோ ஆமையை இடது கையில் எடுத்தான். வலது கையில் குப்பி. எத்தனையோ ஃப்ரிட்ஜ்களையும் கட்டில்களையும் ஒரு கீறல் விழாமல் இறக்கிய கை, அந்தச் சின்னக் குப்பியைப் பிடித்துக்கொண்டு கிடுகிடுவென்று ஆடியது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இவன் காத்திருந்தான். தலை எட்டிப் பார்த்தது. சொட்டு, ஓட்டின்மேல் விழுந்தது. மறுபடி. சொட்டு, அவன் கட்டைவிரலில். மறுபடி. இந்தத் தரம் சட்டையில்.

"இப்படியே போனா குப்பி காலியாயிடும், கண்ணு நனையாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கை நடுங்குது மாமா."

"நடுங்கத்தான் செய்யும். இவ்வளவு பெரிய கைக்கு இவ்வளவு சின்னக் குப்பியா? இங்க கொண்டா. நீ ஆமையைப் பிடி."

மாமனார் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பின்னங்கால்களை மெல்ல உள்ளே அழுத்தினால் தலை வெளியே வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது பீரோவுக்கு நினைவு வந்தது. அழுத்தினான். வந்தது. மாமனார் மூடிய இமையின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டை அலுங்காமல் வைத்தார். அது மெல்ல உள்ளே ஊறியது.

"பார்த்தியா?"

"கைராசி மாமா உங்களுக்கு" என்றான் பீரோ. சொல்லிவிட்டு, வாய்த்த நேரத்தை விடாமல், "அடுத்தது உங்க கண்ணு" என்றான்.

"நான் அப்புறம் போட்டுக்கறேன்."

"நீங்க எங்க போட்டுக்கறீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. நெத்தியில."

மாமனார் அவனை முறைத்தார். பிறகு ஆமையைப் பார்த்தார். அது பேசாமல் உட்கார்ந்திருந்தது. அவர் பெருமூச்சு விட்டுத் தலையைப் பின்னால் சாய்த்தார். "சரி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து போடு. ஆனா நடுங்கக் கூடாது."

"கண்ணைத் திறங்க மாமா."

"திறந்துதான் இருக்கேன்."

"அது புருவம் மாமா. கண்ணைத் திறங்க."

ஆச்சரியம் என்னவென்றால், அங்கே பீரோவின் கை நடுங்கவில்லை. மாமனாரின் கண் ஆமைக் கண்ணைவிடப் பெரியதாக இருந்ததாலா, இல்லை அவரைவிட ஆமைக்குத்தான் அவன் அதிகம் பயந்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு காலையும் மாலையும் அந்த வீட்டில் இதே வேலை. முதலில் ஆமை, அடுத்து மாமனார். இரண்டு குப்பிகளும் மாறிப்போகாமல் இருக்க, ஆமையின் குப்பியில் மனைவி பேக்கரியில் டப்பா கட்டும் நூலைச் சுற்றிக் கட்டி, ஃப்ரிட்ஜில் வேறு தட்டில் வைத்தாள். மாமனார் ஆமைக்குப் 'பேஷன்ட்' என்று பெயர் வைத்தார். "பேஷன்ட்டுக்குத் தண்ணி மாத்தியாச்சா? பேஷன்ட்டுக்கு விளக்குப் போட்டாச்சா?" என்று கேள்விமேல் கேள்வி. எல்லாம் பீரோவிடமே நேராக. மனைவிக்குத் தபால் வேலை போய்விட்டது. "எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்க" என்று சிரித்தாள்.

ஆனால் கண் திறக்கவில்லை. வீக்கம் வடிந்ததுபோலத் தெரியும், மறுநாள் பார்த்தால் அப்படியே இருக்கும். காரட்டைத் துருவிப் போட்டார்கள், பூசணித் துண்டை மூக்கருகில் ஆட்டினார்கள், ஆமைக்கென்று விற்கும் தீவனத்தை ஊறவைத்து நீட்டினார்கள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பீரோவுக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. இரண்டு தட்டுச் சாப்பிடுகிறவன் ஒன்றரையோடு எழுந்தான்.

இரண்டாம் முறை போனபோது டாக்டரம்மா உற்றுப் பார்த்து, "ஊசி கேட்டிருக்கு. இமைக்குள்ள கழிவு கட்டியிருக்கு, அதான் திறக்க முடியலை" என்றார். மருந்தால் ஊறவைத்து, மெல்லிய சாமணத்தால் தயிர்க்கட்டிபோல் வெள்ளையாய் ஒரு துணுக்கை ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எடுத்தார். "இதை வீட்ல நோண்டிப் பார்த்துடாதீங்க" என்று எச்சரித்தார். பீரோ நோண்டுவதாவது! அவன் அப்போதே அறைக்கு வெளியே நின்று, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள். அவர்கள் குடியிருந்த அதே கட்டடத்தில் இரண்டாம் மாடிக்குப் புதிதாக ஆள் வருகிறார்கள். சாமான் இறக்கும் வேலை பீரோவின் லாரிக்கே வந்தது. படி குறுகல். ஃப்ரிட்ஜை இரண்டு பேராகப் பிடித்தால் திருப்பத்தில் இடிக்கும் என்று, பீரோ பட்டையை மாட்டி முதுகில் ஏற்றிக்கொண்டான். டிரைவர் கீழே நின்று, "இடது... இடது... என் இடது இல்லடா, உன் இடது!" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

பீரோ முதல் மாடியைத் தாண்டியபோது, மேலே கதவு படாரென்று திறந்தது.

"கடிச்சிடுச்சு! மாப்பிள்ளை! கடிச்சிடுச்சு!"

மாமனார் படிக்கட்டுக் கைப்பிடிமேல் பாதி உடம்பு வெளியே தெரியக் குனிந்து, ஒரு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா? என்ன கடிச்சுது?"

"பேஷன்ட்டு! காரட்டை நீட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துது. நல்லாப் பார்த்துது, மாப்பிள்ளை! பார்த்துட்டு லபக்குன்னு... காரட்டோட என் விரலையும் சேர்த்து!"

பீரோவுக்குக் காதில் இரண்டு விஷயம் விழுந்தது. ஆமை கண் திறந்தது ஒன்று. 'மாப்பிள்ளை' இன்னொன்று. எது முதலில் விழுந்தது என்று பிற்பாடு அவனால் சொல்ல முடியவில்லை. கால்கள் மட்டும் தாமாக ஓட ஆரம்பித்தன. இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புதுக் குடித்தனக்காரர், "இங்கதாங்க, இந்த வீடுதான்" என்றார். அவரைத் தாண்டி ஃப்ரிட்ஜ் மேலே போனது.

"ஏங்க! ஹலோ! என் ஃப்ரிட்ஜ்!"

"டேய் பீரோ! எங்கடா போறே? இரண்டாம் மாடிடா!" என்று டிரைவர் கீழிருந்து கத்தினான்.

மூன்றாம் மாடி வீட்டு வாசல் ஃப்ரிட்ஜோடு நுழைகிற அளவுக்கு அகலம் இல்லை. அதனால் பீரோ முதுகில் ஃப்ரிட்ஜும் முகத்தில் வியர்வையுமாக வாசலிலேயே நின்று குனிந்தான். மாமனார் தொட்டியை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

செங்கல்லின்மேல் ஆமை உட்கார்ந்திருந்தது. இடது கண் நன்றாகத் திறந்திருந்தது. வலது கண் பாதி. மஞ்சளும் பச்சையும் கலந்த கண், நடுவில் கறுப்பாக ஒரு கோடு. வாயோரத்தில் காரட் ஒட்டியிருந்தது. அது கழுத்தை நீட்டி, தன் எதிரே ஃப்ரிட்ஜைச் சுமந்துகொண்டு நிற்கும் பெரிய உருவத்தை மேலும் கீழும் பார்த்தது.

"என்னைப் பார்க்குது மாமா."

"உன்னைத்தான் பார்க்குது."

பீரோ சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் பட்டையைப் பிடித்திருந்தன. மாமனாரே தோள் துண்டால் துடைத்துவிட்டார். துடைத்துவிட்டு, "நீ முதல்ல அந்த மனுஷன் ஃப்ரிட்ஜை இறக்கி வை. அவர் அழுதுடுவார் போலிருக்கு" என்றார்.

புதுக் குடித்தனக்காரர் மூச்சு வாங்க மேலே வந்து நின்றிருந்தார். விஷயம் கேட்டதும் அவரும் தொட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு அவர் மனைவி வந்தாள். கீழிருந்து டிரைவரும் வந்தான். பட்டையை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. பீரோ ஃப்ரிட்ஜோடு நிற்க, எல்லாரும் சுற்றி நின்று, ஆமை அடுத்த காரட் துண்டைப் பார்த்து, குறி வைத்து, பிடுங்கித் தின்பதைக் கண்டு கை தட்டினார்கள்.

"கண்ணு வந்ததும் முதல் வேலையா மாமனாரைக் கடிச்சிருக்கு பாரு" என்றான் டிரைவர். "உன்னால முடியாததை அது பண்ணிடுச்சு."

மாமனார்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மதியம் மனைவி படியேறி வரும்போது இரண்டாம் மாடி ஆட்களே சேதியைச் சொல்லிவிட்டார்கள். கையில் ரொட்டிப் பையோடு ஓடி வந்தாள். "கண்ணு!" என்று பீரோ கூப்பிட்டான். அவளையா, ஆமையையா என்று தெரியாமல் அவள் தொட்டியைப் பார்த்தாள். ஆமையும் அவளைப் பார்த்தது.

வலது கண்ணும் விரைவிலேயே முழுதாகத் திறந்துகொண்டது. பேஷன்ட் சாப்பாட்டில் பீரோவுக்குப் போட்டியாகக் கிளம்பியது. இறால் என்றால் பாய்ந்தது. கீரையைக் கண்டால் முகம் சுளித்தது. கீரையைத் தின்ன வைப்பது மாமனார் பொறுப்பு. "எனக்கு மட்டும் கண்ணு எரியற மருந்து விடுறான், உனக்கு என்ன கேடு?" என்று அதனோடு பேசிப் பேசியே தின்ன வைத்துவிடுவார். அவருடைய கண்ணும் தெளிந்தது. கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டியபோது கடைசி வரி வரை மளமளவென்று படித்துவிட்டு, "எங்க வீட்டு ஆமைக்கும் ரெண்டு கண்ணும் நல்லாயிடுச்சு டாக்டர்" என்றாராம். டாக்டர் அவரைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாராம். கூடப் போயிருந்த மகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பீரோவுக்கும் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சாமான் ஏற்றப் போகும் வீட்டில் தொட்டி கண்ணில் பட்டால் கால் தானாக நின்றுவிடும். "விளக்கு மாட்டியிருக்கீங்களா? இறால் மட்டும்தான் போடறீங்களா? கண்ணைத் தேய்ச்சுக்குதான்னு பார்த்துக்குங்க. வீங்கினா நீங்களா எதுவும் விடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கட்டிலில் கை வைப்பான். "ஆமை டாக்டர் வந்திருக்கார், வழி விடுங்க" என்று டிரைவர் பின்பாட்டுப் பாடுவான்.

மாமனார் தம் வீட்டுக்குத் திரும்பிப் போகும் பேச்சு இரண்டொரு தரம் எழுந்தது. ஒவ்வொரு தரமும், "பேஷன்ட்டை யார் பார்த்துப்பாங்க?" என்று அவரே அதை முடித்து வைத்தார். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து, பின்பக்கம் திறந்தவெளி உள்ள ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தார்கள். கண்ணாடி குறுக்கே வராத நேர் வெயில், காலையிலிருந்து அங்கே விழுந்தது. ஓரமாக ஒரு சின்னக் குளம் கட்டிக்கொள்ளவும் இடம் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டைத் தூக்கியவன், அன்றைக்கு முதல் தடவையாகத் தன் வீட்டையே லாரியில் ஏற்றினான். சாமான் குறைவுதான். ஆனாலும் மாமனார் வாசலில் நின்றுகொண்டு, "மெதுவா மாப்பிள்ளை, மெதுவா!" என்று ஒவ்வொரு பொருளுக்கும் சத்தம் போட்டார்.

லாரி முன் சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மாமனார் மடியில், ஈரத் துணி விரித்த டப்பாவில், பேஷன்ட். "ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தி விடு, காத்து கண்ணுல அடிக்கும்" என்றார் அவர். டிரைவர் ஏற்றினான். சிக்னலில் லாரி நின்றபோது ஆமை டப்பாவின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, கழுத்தை முடிந்தமட்டும் நீட்டி, தெருவில் போகிற சைக்கிளை, பலூன்காரனை, குடை பிடித்த இரண்டு பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

"என்னதான் பார்க்குது இப்படி?" என்றாள் மனைவி.

"எல்லாத்தையும்தான்" என்றான் பீரோ.

பச்சை விளக்கு விழுந்தது. "மெதுவா போப்பா" என்றார் மாமனார். டிரைவர் மெதுவாகவே ஓட்டினான்.